ரூட்டுக்கும் மேலே ஒரு விதி: கோப்புப் பரிமாற்ற சர்வரும் கட்டாய அணுகல் கட்டுப்பாடும்

2015 ஏப்ரலில் புரோஎஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் ஓர் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. சர்வருக்குள்ளேயே ஒரு கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுப்பதற்கென அதில் ஒரு கூடுதல் பகுதி உண்டு. எதை நகலெடுப்பது என்று சொல்ல ஒரு கட்டளை, எங்கே வைப்பது என்று சொல்ல இன்னொன்று. 1.3.5 பதிப்பில் இந்த இரண்டு கட்டளைகளையும் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தராமல், வாசலில் நின்றபடியே யார் வேண்டுமானாலும் கொடுக்க முடிந்தது. அதே கணினியில் ஒரு இணையதளமும் இயங்கினால் வேலை இன்னும் எளிது. தாக்குபவர் சில வரி பி.எச்.பி. நிரலை சர்வரின் கையாலேயே இணையதள ஃபோல்டருக்குள் நகலெடுக்க வைப்பார். பிறகு பிரவுசரில் அந்த முகவரியைத் திறப்பார். அங்கிருந்து அவர் தட்டும் கட்டளைகள் அந்தக் கணினியில் ஓடும்.

இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. எஃப்.டி.பி. எனப்படும் அந்தக் கோப்புப் பரிமாற்ற சர்வர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ, அந்தப் பயனருக்கு இணையதள ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்க வேண்டும். முறைப்படி பார்த்தால் இருக்கக் கூடாது. ஆனால் கோப்பு ஏற்ற முடியவில்லை என்று ஒரு புகார் வந்ததும் அந்த ஃபோல்டருக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற உரிமை, போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் நிர்வாகிகள் எல்லா ஊரிலும் உண்டு.

பிழை நிரலில் இருந்தது, அது திருத்தப்பட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. கோப்புகளை வாங்கவும் கொடுக்கவும் மட்டுமே நிறுவப்பட்ட ஒரு நிரல், தனக்குச் சம்பந்தமில்லாத ஃபோல்டரில் பி.எச்.பி. கோப்பு எழுத வேண்டும் என்று கேட்டபோது, இயங்குதளம் ஏன் சம்மதித்தது? கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்னும் பாதுகாப்பு முறை இந்தக் கேள்விக்கான பதில். அதை ஆராய்வதற்கு எஃப்.டி.பி. சர்வரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அதன் வேலை சிறியது, அதற்குத் தரப்பட்ட அதிகாரமோ மிகப் பெரியது.

எஃப்.டி.பி. இன்றைய இணைய நெறிமுறைகளைவிட மூத்தது. 1971 ஏப்ரலில் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண், ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணத்தில் அதன் முதல் வரையறையை எழுதினார். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர் அவர். இணையத்தின் முன்னோடியான அன்றைய அர்ப்பாநெட்டில் இணைந்திருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். இன்றும் அடிப்படையாக இருக்கும் வரையறை 1985 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 959. அதிலும் கடவுச்சொல் கம்பியில் அப்படியே, மறைக்கப்படாமல் போகிறது. கட்டளைக்கு ஓர் இணைப்பு, கோப்புக்குத் தனி இணைப்பு என இரண்டு இணைப்புகள். கட்டளை இணைப்பு 21ஆம் எண் போர்ட்டில்.

இந்த 21தான் தொல்லையின் தொடக்கம். யூனிக்ஸ் மரபில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டுகளில் காத்திருக்க, கணினியின் உச்ச நிர்வாகியான ரூட்டின் அதிகாரம் வேண்டும். உள்ளே வருபவரின் கடவுச்சொல்லைச் சரிபார்த்தபின் அவருடைய பெயருக்கு மாறுவதற்கும் ரூட் அதிகாரம் வேண்டும். அவரை ஒரு ஃபோல்டருக்குள் அடைத்துவைக்கும் சிரூட் அழைப்புக்கும் அதுவே வேண்டும். ஆக, உலகம் முழுவதிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் எழுத்துகளை முதலில் வாங்கிப் படிக்கும் நிரல், அந்தக் கணினியின் உச்ச அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தது.

இதன் விலை 2000ஆம் ஆண்டில் தெரிந்தது. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகி அந்நாளில் மிகப் பரவலாக இருந்த எஃப்.டி.பி. சர்வரில், வெளியாள் அனுப்பும் எழுத்துகளை அச்சிடும் வடிவத்துக்கான குறியாகவே எடுத்துக்கொள்ளும் பிழை ஒன்று இருந்தது. பெயரில்லாப் பயனராக நுழைந்தவர்கூட அதன்வழியே ரூட் ஆகிவிடலாம். அமெரிக்காவின் செர்ட் அமைப்பு 2000 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டது. 2001 ஜனவரியில் ராமென் என்ற புழு அதே ஓட்டையையும் வேறு இரண்டு ஓட்டைகளையும் பிடித்துக்கொண்டு, ரெட் ஹாட் 6.2, 7.0 பதிப்புகள் ஓடிய கணினிகளில் தானாகவே பரவியது. இணையதளங்களின் முகப்பை மாற்றிவைத்தது. புழுவை எழுதியவர் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. சர்வரிடம் ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை வாங்கிக்கொண்டார்.

யூனிக்ஸும் லினக்ஸும் பழகிவந்த முறைக்கு விருப்ப அணுகல் கட்டுப்பாடு என்று பெயர். கோப்புக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அவர் தன் விருப்பப்படி தீர்மானிக்கிறார். அவர் பெயரில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அவருடைய உரிமை முழுவதும் கிடைக்கிறது. ரூட்டுக்கு எந்த வரம்பும் கிடையாது. பயனரையும் அவர் இயக்கும் நிரலையும் இந்த முறை ஒருவராகவே பார்க்கிறது. நிரல் பிறர் கைக்குப் போய்விடலாம் என்ற நினைப்புக்கே அதில் இடமில்லை.

மாற்று யோசனை அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்தது. 1972இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் அமெரிக்க விமானப்படைக்கு எழுதிய அறிக்கை, ஒவ்வோர் அணுகலையும் தவறாமல் இடைமறித்துச் சரிபார்க்கும், யாராலும் சுற்றிப்போக முடியாத, சரிபார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய ஒரு காவல் பகுதி வேண்டும் என்றது. அடுத்த ஆண்டுகளில் டேவிட் பெல்லும் லியோனார்ட் லபடுலாவும் ரகசிய ஆவணங்களின் படிநிலைகளைக் கணித வடிவில் அமைத்தார்கள். ஆனால் 'ரகசியம்', 'அதி ரகசியம்' என்ற அடுக்குகள் ராணுவக் கோப்பறைக்குப் பொருந்தும், எஃப்.டி.பி. சர்வருக்குப் பொருந்தாது. அங்கே பிரச்சினை ரகசியத்தின் அளவு அல்ல, எந்த நிரல் எதைத் தொடலாம் என்பது. அந்தத் திசையில் பெரிய அடியை எடுத்துவைத்தவர்கள் ஏர்ல் போபர்ட்டும் ரிச்சர்ட் கெய்னும். 1985இல் அவர்கள் முன்வைத்த வகை அமலாக்கம் என்ற முறையில் கோப்புகளுக்கு வகை, ஓடும் நிரல்களுக்குச் செயற்களம், இரண்டுக்கும் இடையே ஓர் அட்டவணை; அட்டவணையில் இல்லாதது நடக்காது.

இந்த யோசனை பல ஆய்வு இயங்குதளங்கள் வழியாகக் கடந்து, அமெரிக்க தேசிய பாதுகாப்பு முகமையின் எஸ்.இ.லினக்ஸாக உருப்பெற்றது. அந்த முகமையைச் சேர்ந்த பீட்டர் லாஸ்காக்கோ, ஸ்டீபன் ஸ்மாலி உள்ளிட்டோர் 1998இல் எழுதிய கட்டுரையின் வாதம் இன்னும் பழையதாகவில்லை: இயங்குதளம் அடித்தளத்தில் கட்டாயக் கட்டுப்பாடு தராவிட்டால், அதன்மேல் எத்தனை பாதுகாப்பு மென்பொருளை அடுக்கினாலும் தோல்வி நிச்சயம். 2000 டிசம்பரில் எஸ்.இ.லினக்ஸின் மூல நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. 2003இல் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் 2.6 கெர்னலுக்குள் சேர்ந்தது. 2005இல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 4 அதை இயக்கிய நிலையிலேயே வந்தது. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 அதை முழுமையாக அமலாக்கியதிலிருந்து, நம் சட்டைப்பையிலும் இதே காவல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி எஃப்.டி.பி. சர்வருக்குள் வருவோம். எஸ்.இ.லினக்ஸ் இயங்கும் கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. அது கோப்பின் கூடவே வட்டில் பதிந்திருக்கும். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் லேபிள் உண்டு. விஎஸ்எஃப்டிபிடி, புரோஎஃப்டிபிடி போன்ற சர்வர்களின் இயங்கு கோப்புகளுக்கென ஒரு தனி லேபிள் இருக்கிறது. கணினி எழும்போது, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்பை இயக்கியதும், கெர்னல் புதிய நிரலை எஃப்டிபிடி_டி என்ற செயற்களத்தில் உட்காரவைக்கும். அந்த நிமிடத்திலிருந்து அது ரூட்டாக ஓடுகிறதா, சாதாரணப் பயனராக ஓடுகிறதா என்பது எஸ்.இ.லினக்ஸுக்கு ஒரு பொருட்டே அல்ல. பழைய உரிமைச் சோதனை முதலில் நடக்கும்; அதில் தேறினால், இந்தக் களம் இந்த வகைக் கோப்பில் இந்தச் செயலைச் செய்யலாமா என்று கொள்கை எனப்படும் அந்த விதி அட்டவணையில் தேடப்படும். விதி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பழைய சோதனை மறுத்ததை எஸ்.இ.லினக்ஸ் ஒருபோதும் அனுமதிக்காது. மேலும் மறுக்க மட்டுமே அதனால் முடியும்.

எஃப்.டி.பி. சர்வருக்கு என்ன தேவை என்று உட்கார்ந்து எழுதினால் ஒரு தாளின் பாதிகூட நிரம்பாது. தன் அமைப்புக் கோப்புகளைப் படிக்க வேண்டும். 21ஆம் போர்ட்டில் காத்திருக்க வேண்டும். கடவுச்சொல் சரியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைப் படிக்க வேண்டும். பரிமாற்றப் பதிவை எழுத வேண்டும். ரெட் ஹாட் குடும்பத்தில் பொதுக் கோப்புகள் இருக்கும் வார்-எஃப்டிபி ஃபோல்டருக்கு, படிக்க மட்டும் உரிய பொது உள்ளடக்கம் என்ற வகை இயல்பாகவே தரப்பட்டிருக்கிறது. எழுதக்கூடிய பொது உள்ளடக்கம் வேறொரு வகை. பெயரில்லாப் பயனர் கோப்பு ஏற்ற வேண்டுமென்றால் அந்த இரண்டாவது வகையை ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்கு மட்டும் கொடுத்து, அதற்கான ஸ்விட்சையும் நிர்வாகி தன் கையால் போட வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

இப்போது 2015 தாக்குதலை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். புரோஎஃப்டிபிடியின் பிழை அப்படியே இருக்கட்டும். இணையதள ஃபோல்டரின் 777 உரிமையும் அப்படியே இருக்கட்டும். தாக்குபவர் இரண்டு கட்டளைகளைக் கொடுக்கிறார், சர்வர் ஏமாறுகிறது, கோப்பை உருவாக்கக் கெர்னலை அழைக்கிறது. பழைய சோதனை தலையாட்டிவிடுகிறது. எஸ்.இ.லினக்ஸ் அட்டவணையைப் பார்க்கிறது: எஃப்.டி.பி. களம், இணையதள உள்ளடக்க வகை, எழுதுதல். இயல்பான கொள்கையில் அப்படியொரு விதி இல்லை. அழைப்பு மறுக்கப்படுகிறது; தணிக்கைப் பதிவில் ஒரு வரி விழுகிறது. பிழையை முன்கூட்டி யாரும் அறிந்திருக்கவில்லை, அந்தப் பிழைக்கென எந்த விதியும் எழுதப்படவில்லை. இந்த முறையின் உயர்வாக நான் கருதுவது இதைத்தான்: தாக்குதலைப் பற்றி எதுவும் தெரியாமலே, வேலையைப் பற்றித் தெரிந்ததை வைத்து மட்டும் அது தடுக்கிறது.

நிரலே வஞ்சகமாக இருந்தால் என்ன ஆகும்? கிறிஸ் எவன்ஸ் உருவாக்கிய விஎஸ்எஃப்டிபிடி, அதிகாரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, வெளியாளோடு பேசும் பகுதிக்கு ரூட் அதிகாரமே தராத மிகக் கவனமான படைப்பு. ஆனால் 2011 ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் அதன் தரவிறக்கத் தளத்தில் இருந்த 2.3.4 பதிப்புத் தொகுப்பில் யாரோ ஒரு பின்கதவைச் செருகிவிட்டார்கள். பயனர் பெயரில் ஒரு புன்னகைக் குறி, அதாவது முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் இருந்தால், 6200ஆம் போர்ட்டில் ரூட் ஷெல் ஒன்று திறந்துகொள்ளும். எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்ட நிரலும் தன்னைத் தானே காவல் காக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எஸ்.இ.லினக்ஸ் இருந்தால் அந்தப் போர்ட்டைத் திறக்கவே முடியுமா என்பது, கோப்பு இணைப்புக்குச் சர்வரே ஒரு போர்ட்டைத் திறந்து காத்திருக்கும் பாஸிவ் பரிமாற்றத்துக்காக எந்தப் போர்ட்டுகளை விட்டுவைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. திறந்துகொண்டாலும் அந்த ஷெல் எஃப்.டி.பி. களத்துக்குள்ளேயே பிறக்கும். பெயர் ரூட்தான், ஆனால் கடவுச்சொல் சுருக்கங்கள் இருக்கும் ஷேடோ கோப்பை அதனால் படிக்க முடியாது, ஏனெனில் அதைப் படிப்பது சர்வரின் வேலை அல்ல. அதற்கென்று தனிக் களத்தில் ஓடும் ஒரு சிறு துணைநிரல் படித்து, 'சரி' அல்லது 'தவறு' என்று மட்டும் பதில் சொல்லும். கெர்னலில் புதிய மாட்யூல் ஏற்றவும் அந்த ஷெல்லால் முடியாது. கோட்டைக்குள் வந்துவிட்டவர் ஓர் அறையில் அடைபடுகிறார். அந்த அறையில் இருப்பதெல்லாம் போகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் இந்தக் காவல் நடைமுறையில் ஏன் இத்தனை முறை அணைக்கப்படுகிறது? காரணம் பெரும்பாலும் தாக்குதலோடு சம்பந்தமில்லாத ஓர் எளிய விஷயம். நிர்வாகி ஒரு கோப்பைத் தன் வீட்டு ஃபோல்டரில் தயாரித்து, எம்வி கட்டளையால் எஃப்.டி.பி. ஃபோல்டருக்கு நகர்த்துகிறார். உரிமைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் சர்வர் கோப்பைத் தர மறுக்கிறது. எம்வி கட்டளை கோப்பை அதன் பழைய லேபிளோடேயே கொண்டுபோகும். சிபி கட்டளையால் நகலெடுத்தால் புதிய கோப்பு, புதிய இடத்தின் லேபிளைப் பெறும். வீட்டுக் கோப்பு என்ற லேபிளோடு பொது ஃபோல்டரில் ஒரு கோப்பு கிடந்தால் அதைக் கொடுக்க மறுப்பதுதான் சரி. அது தெரியாமல் எதேச்சையாக வந்து விழுந்த கோப்பாகக்கூட இருக்கலாம். ரெஸ்டோர்கான் என்ற ஒற்றைக் கட்டளை லேபிளைச் சரிசெய்துவிடும். ஆனால் வழக்கமான பட்டியலில் லேபிள் கண்ணுக்குத் தெரியாது. எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்தால்தான் தெரியும். அதைச் சொல்லித்தர ஆள் இல்லாதவர், எதை அணைத்தால் வேலை நடக்கிறது என்று தேடிப்போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எஸ்.இ.லினக்ஸை அணைப்பதையே முதல் படியாகச் சொல்லும் நிறுவல் கையேடுகளை எழுதியவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம்.

அணைப்பதைவிட நுட்பமான ஆபத்துகள் இரண்டு. மறுக்கப்பட்ட அழைப்புகளைத் தணிக்கைப் பதிவிலிருந்து எடுத்து, அவற்றை அனுமதிக்கும் விதிகளாக மாற்றித் தரும் ஆடிட்2அலவ் என்ற கருவி ஒன்று. பதிவில் இருக்கும் மறுப்பு நேர்மையான தேவையால் வந்ததா, தாக்குபவரின் முயற்சியால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. படிக்காமல் அதன் விடையை ஏற்றுக்கொள்பவர், தன் சுவரில் எங்கெல்லாம் யாரெல்லாம் முட்டினார்களோ அங்கெல்லாம் கதவு வைத்துவிடுகிறார். மற்றது, எஃப்.டி.பி. களத்துக்கு முழு அணுகல் தரும் ஸ்விட்ச். அதைப் போட்டால் உள்ளூர்ப் பயனர்களாக நுழைந்து கணினியின் எல்லாக் கோப்புகளையும் படிக்கலாம், எழுதலாம். வரம்பு பழைய உரிமைச் சோதனை மட்டுமே என்று கொள்கையின் விளக்கமே சொல்கிறது. எஸ்.இ.லினக்ஸ் இயங்குகிறது என்று அறிக்கையில் காட்டிக்கொண்டே, கோப்புகளைப் பொறுத்தவரை அது இல்லாத நிலைக்குத் திரும்பிவிடலாம். ஒரு எஃப்.டி.பி. சர்வரை ஆய்வு செய்யும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு ஸ்விட்ச்தான் என்பேன்.

சோதனைக் காலத்தில் முழுக் காவலையும் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எஃப்.டி.பி. களத்தை மட்டும் கண்காணிப்பு நிலையில் வைக்கலாம். அந்த ஒரு களத்தின் மீறல்கள் தடுக்கப்படாமல் பதிவாகும். மற்ற எல்லா நிரல்களும் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். சில நாள் வேலை ஓடவிட்டு, பதிவை வரி வரியாகப் படித்து, லேபிள்களைத் திருத்தி, பிறகு களத்தைக் கட்டுக்குள் கொண்டுவரலாம். எஸ்.இ.லினக்ஸுக்கு மாற்றாக உபுண்டு குடும்பத்தில் வரும் ஆப்ஆர்மர், லேபிளுக்குப் பதில் கோப்பின் பாதையை வைத்து விதி எழுதுகிறது. படிக்க எளிது, எம்வி சிக்கல் இல்லை. ஆனால் ஒரே கோப்பு இரண்டு பாதைகளில் தெரியும்போது அதற்கு இரண்டு முகங்கள் வந்துவிடுகின்றன.

எதை இந்த முறை காக்காது என்பதும் அதே அளவு முக்கியம். கம்பியில் போகும் கடவுச்சொல்லை அது மறைக்காது, அதற்கு டி.எல்.எஸ். உறை போட்ட எஃப்.டி.பி.எஸ். அல்லது எஸ்.எஸ்.எச். வழியாக ஓடும் எஸ்.எஃப்.டி.பி. வேண்டும். கெர்னலிலேயே ஓட்டை இருந்தால் காவலும் சேர்ந்து விழும். எல்லாவற்றையும்விடக் கடினமானது மூன்றாவது எல்லை. 2020 டிசம்பரில் அக்செலியான் நிறுவனத்தின் பழைய கோப்புப் பரிமாற்றக் கருவி தாக்கப்பட்டது. நியூசிலாந்து ரிசர்வ் வங்கியும் சிங்கப்பூரின் சிங்டெல்லும் பாதிக்கப்பட்டவர்களில் அடக்கம். நுழைந்தவர்கள் கணினியின் வேறு பகுதிகளைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கருவியின் தரவுத்தளத்திலிருந்து கோப்புப் பட்டியலை எடுத்து, அந்தக் கருவி எந்தக் கோப்புகளைக் கொடுப்பதற்காக இருந்ததோ அவற்றையே இறக்கிக்கொண்டார்கள். ஒரு களத்துக்குள் அனுமதிக்கப்பட்ட வேலையைத் தாக்குபவரும் செய்தால், அட்டவணை அதை நல்ல வேலை என்றே கருதும்.

இதற்கு விடை இருக்கிறது, ஆனால் அது இயல்பான கொள்கையில் கிடைக்காது, எழுத வேண்டும். படிப்பதையும் எழுதுவதையும் உருவாக்குவதையும் எஸ்.இ.லினக்ஸ் தனித்தனி அனுமதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெளியாட்கள் கோப்பு போடும் ஃபோல்டருக்குப் புதிதாக ஒரு வகை அமைத்து, எஃப்.டி.பி. களத்துக்கு உருவாக்கவும் எழுதவும் மட்டும் அனுமதி தந்து, படிக்கும் அனுமதியைத் தராமல் விடலாம். அப்போது அந்த ஃபோல்டர் கோவில் உண்டியல் ஆகிறது: போட முடியும், போட்டவராலும் எடுக்க முடியாது. சர்வர் முழுவதும் பிறர் கைக்குப் போனாலும், நேற்றுவரை வந்து சேர்ந்த கோப்புகளை அதன் வழியாக எடுத்துப்போக வழியில்லை. பெயரில்லாப் பயனர்கள் எழுதக்கூடிய ஃபோல்டர்களைத் திருட்டு மென்பொருள் கைமாற்றும் கிடங்காக வெளியாட்கள் பயன்படுத்திய பழைய தொல்லையும் இதில் அடங்கிவிடும்.

அடுத்து, உள்ளே வந்த கோப்பை எடுக்கும் வேலையை நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லாத தனிக் களத்தில் ஓடும் ஒரு சிறு நிரலுக்குக் கொடுக்க வேண்டும். அது கோப்பைச் சோதித்து, உள்ளிடத்துக்கு நகர்த்தி, லேபிளை மாற்றும். லேபிளை மாற்றுவதும் எஸ்.இ.லினக்ஸில் தனியான ஓர் அனுமதிதான், அதை எஃப்.டி.பி. களத்துக்குத் தரவே கூடாது. இந்த விதிகள் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். எந்தக் கோப்பு யாரிடமிருந்து வருகிறது, யார் எடுக்கிறார், எப்போது அழிக்கப்படுகிறது என்று அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வதற்குத்தான் நாள் பிடிக்கும்.